மூன்றாவது சாவி

சாவிக்காரர் வெயில் நாட்டுக்குப் போகிறார் என்ற செய்தி, அவர் கிளம்புவதற்கு முன்பே கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. பிறந்த குளிர் ஊரைத் தாண்டாத மனிதர். ரோடு போடும் வேலைக்காக அங்கே போன மகன், "அம்மாவும் போயிட்டாங்க. ஒத்தையில அங்க என்னப்பா பண்றீங்க? குளிர் முடியற வரைக்கும் எங்கூட வந்து இருங்க" என்று நச்சரித்து, டிக்கெட்டையும் எடுத்துவிட்டான்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மலேரியா மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கொசுவே இல்லாத ஊரில் கட்டிலுக்கு மேல் கொசுவலையைக் கட்டி, ஒரு மத்தியானம் உள்ளே படுத்தும் பார்த்தார். ஓட்டை இல்லை. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து மடித்து வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது வீட்டுச் சாவி. "குளிர்ல தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சா யாருப்பா பாக்கறது? நம்பிக்கையான ஆள்கிட்ட ஒரு சாவி குடுத்துட்டு வாங்க" என்று மகன் கறாராகச் சொல்லியிருந்தான்.

அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஊரில் பாதி வீடுகளுக்கு மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்தவர். இதே புத்திமதியை ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பியவர். எல்லாம் ஊருக்கு உபதேசம். அவர் வீட்டுக்கு இரண்டே சாவி: ஒன்று அவரிடம், ஒன்று மனைவியிடம். மூன்றாவது என்ற பேச்சே கூடாது. பூட்டைப் போட்டுவிட்டுத் தொங்கிப் பார்க்கிற ஆள், வேறென்ன செய்வார்?

மனைவி நோயில் விழுந்த புதிதில், "பக்கத்து வீட்டுல ஒரு சாவி குடுத்து வைக்கட்டுமா? பகல்ல யாராவது எட்டிப் பாப்பாங்க" என்று கேட்டாள். "மூணு பேருகிட்ட சாவி இருந்தா அது வீடு இல்ல, சத்திரம்" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் காலையில் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். அவள் போன பிறகு அந்த நினைப்பு அவரைச் சும்மா விடவில்லை. இப்போது குழாய்க்காக மட்டும் சாவி கொடுப்பதா? பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

மனைவியின் சாவி அவள் கைப்பையில் கிடந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. கடைசியில் தன் கையாலேயே மூன்றாவதை வெட்டி, அரத்தால் பிசிறு போகத் தேய்த்து எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனார். வெயில் நாட்டுக்கான மெல்லிய பருத்திச் சட்டைகளை அவள்தான் தைத்திருந்தாள்.

"தொளதொளன்னுதான்ணே இருக்கணும். உள்ள காத்து போகணும்ல" என்று ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். குளிரில் நடுங்கிக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சாவியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுச் சாவி, ஆனால் அவர் கைவேலை இல்லை.

"அண்ணி எழுந்து நடமாடினப்பவே வெட்டச் சொல்லித் தன் சாவியக் குடுத்தாங்க. உங்க கடைக்கு வர முடியுமா? அதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். கோவிச்சுக்காதீங்கண்ணே."

"பல்லெல்லாம் பிசிறா இருக்கே. இது திறக்காதே."

"கொஞ்சம் தூக்கிப் புடிச்சுத் திருப்பினா திறக்கும். நீங்க தெருமுனை திரும்பினதும் நான் உள்ள போயிடுவேன். தைக்கிற துணியையும் எடுத்துட்டுப் போயிடுவேன். நாங்க ரெண்டு பேரும் சிரிக்காத நாளே இல்ல. நீங்க வர்ற நேரம் பாத்துக் கெளம்பிடுவேன். 'அவருக்குத் தெரிஞ்சா பூட்டையே மாத்திடுவாரு'ன்னு அண்ணி சொல்லுவாங்க."

"அப்ப... அவ தனியா இல்லியா?"

"தனியா எதுக்குண்ணே இருக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. கூடவே ஒரு வலியும் வந்தது. நோய் வந்த பிறகு அவள் சிரித்து அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் தனியாக இருந்தது அவர் ஒருத்தர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடும்மா, பிசிறையாவது எடுத்துத் தரேன்" என்றார்.

"வேண்டாம்ணே, கை பழகிடுச்சு" என்று அவள் சாவியை டப்பாவில் போட்டு மூடினாள்.

அவர் வெட்டிய சாவி புதுச் சட்டைப் பையில் கிடந்தது. மற்ற சட்டைகளை வாங்கிக்கொண்டு, பெட்டி கட்ட வீட்டுக்குப் போனார்.