திறக்க வேகம், சேமிக்க இல்லை

நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடக் கணினிகளுக்குச் சொந்த வன்தட்டு இல்லை. பிள்ளைகள் செய்வதெல்லாம் மூலையில் இருக்கும் சேர்வர் பெட்டிக்குத்தான் போகும். அதில் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பிரதியாகும். இன்னும் இரண்டு போட்டால் எல்லாம் இரண்டு மடங்கு வேகமாகும் என்று அதிபரிடம் சொன்னது நான்தான். அவர் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களிடம் கேட்டு எடுப்பித்துத் தந்தார்.

பல வன்தட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெயிட் முறையில் நாலையும் சோடி சோடியாகப் பூட்டியிருக்கலாம். பாதி இடம் பிரதிக்கே போய்விடுமே என்று மனம் வரவில்லை. மூன்று தட்டளவு இடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டு, ஒரு தட்டளவில் மீட்புக் கணக்கு வைத்தேன். ஒரு தட்டு பழுதானால் அந்தக் கணக்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

பூட்டியபின் நடந்த முதல் பாடத்தில் கோப்புகள் டக் டக்கென்று திறந்தன. பிள்ளைகள் கை தட்ட, நானும் சிரித்தேன். பள்ளி விடும் மணியடிக்கிற நேரம் எல்லோரும் ஒன்றாகச் சேமிக்க, திரைகள் அப்படியே நின்றன.

"ரீச்சர், பழைய மாட்டுக்குப் புதுக் கொம்பு பூட்டினனீங்களோ?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் உறைத்தது. சின்ன மாற்றம் ஒன்றுக்கும் பழைய தரவையும் பழைய கணக்கையும் வாசித்து, பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். தட்டு நாலானது போல வேலையும் நாலாகிவிட்டது.

சத்தம் கேட்டு அதிபர் வந்தார். "என்ன பிள்ளை, டிஸ்க் காணாதோ? இன்னும் ரெண்டு கேப்பமோ?"

ஓம் என்றால் தப்பியிருப்பேன். கடைசிப் படகு போகிற நேரம். கடலுக்கு அந்தப் பக்கம் வீட்டில் கைக்குழந்தை. பால் கட்டி, சட்டை நனையத் தொடங்கியிருந்தது. பாடக் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காணும் சேர், இருக்கிறதே போதும். நான் பூட்டின முறைதான் பிழை. பிரதி எடுத்து, எல்லாத்தையும் அழிச்சுத் திரும்பச் செய்யோணும்."

ஏசுவார் என்று பார்த்தேன். "நீர் இப்ப போம். குழந்தை தேடும்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை குழந்தையையும் மாமியையும் படகில் கூட்டி வந்து, தட்டுகளைச் சோடிகளாக்கினேன். இடம் குறைந்தது, சேமிப்பது விரைவானது. யாராவது விசாரித்தால் அதிபர், "எங்கட ரீச்சர் சரியாக்கிப் போட்டா," என்கிறார். பிழையாக்கியது யார் என்று சொல்வதில்லை. அவர் அப்படிச் சொல்கிற இடத்தில் என்னால் நிற்க முடிவதில்லை.