அழாத சித்தி

ஜோகுபாளையத்தில் எங்களோடு இருந்த சித்தி, பகலில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் எம்.ஏ. தத்துவ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும்; எனக்கு ஒன்பது வயது. படித்ததைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். கேட்க என்னை விட்டால் ஆள் கிடையாது. பழைய கிரேக்கர்களில் சிலர், கோபமும் துக்கமும் அளவோடு இருந்தால் நல்லதுதான் என்றார்களாம். பின்னால் வந்த ஸ்டோயிக்குகள் அந்த அளவைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. நம் கையில் இல்லாத எதற்கும் கலங்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நான் உடனே அதில் சேர்ந்தேன். பல் பிடுங்கப் போன அன்று விலகிவிட்டேன்.

அந்த வருடம் சித்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஓசூர்க்காரர்கள், பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதார். சித்தி, "அது நம்ம கையில இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மாவரைக்கப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரேசர் டவுனிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"வேணாம்னுட்டுப் போயிட்டாங்க, இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. மனசுல வேற எவனோ இருக்கான். அந்த காலேஜ்லதான் இருப்பான்."

அம்மாவும் நம்பிவிட்டார். வகுப்பு கிடையாது, தேர்வும் கிடையாது என்று முடிவானது. சித்தி எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். பெரியம்மா கிரேக்கர்களைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வந்தவர்களும் பெண் கறுப்பு என்று தட்டிக்கழித்தார்கள். இந்த முறை சித்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதார். பெரியம்மா அவரை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக் கொடுத்தார். பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கே வகுப்புக்குப் போக அனுமதி கிடைத்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. சித்தி கட்சி மாறிவிட்டார் என்று அவரோடு பேசாமல் இருந்தேன். மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்வரை கூடப் போனபோது அவரே ஆரம்பித்தார்.

"ஏ பாப்பா, அது சும்னே அழுதது, நெஜமில்ல. இல்லன்னா எக்ஸாம் எழுத விடுவாங்களா?"

எனக்கு உயிர் வந்தது. பஸ் ஏறும்போது பார்த்தேன், அவர் கண் வீக்கம் அப்போதும் வடியவில்லை. எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று அதிசயப்பட்டுக்கொண்டே கையாட்டினேன்.