மத்துக்குள் இருந்த ஆணி

அந்த மத்துக்குள் இரும்பாணியை அடித்தவன் நான்தான். என் மதினி அல்ல. நான்!

இதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்ட வேண்டாம். உங்கள் மன்னிப்பைக் கேட்டு நான் வந்து நிற்கவில்லை. மன்னிக்க நீங்கள் யார்?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வேலை பார்த்துவந்தேன். மேனேஜரோடு வாய்த்தகராறு முற்றி வேலையை உதறினேன். சாத்தூரில் ஒருவர் கழித்துவிட்ட சின்னக் கடைசல் மெஷினை வாங்கி, எம். புதுப்பட்டியில் என் வீட்டுப் பின்புறம் தகரம் வேய்ந்து நிறுத்தினேன். பூரிக்கட்டை, மத்து, பம்பரம்... இதில் என்ன பெரிய வித்தை என்ற திமிர்! கைபேசியில் நாலு வீடியோ பார்த்தவனுக்கு வரும் திமிர்.

மரம் என்னை மதிக்கவில்லை. சுழலும் கட்டையில் உளியைச் சாய்த்து உட்கார வைத்து, பிறகு மெல்லச் சீவ வேண்டும். நானோ நேராகக் குத்தினேன். கட்டை பிடுங்கிக்கொண்டு போய்த் தகரத்தில் மோதியது. தெரிந்தவர்களிடம் கேட்கலாம்தான். கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?

ஒருவழியாக ஒரு பூரிக்கட்டை தேறியது, ஒரு முனை பருத்து மறுமுனை கூம்பி. அதை முதலில் கையில் வாங்கிப் பார்த்தவள் மதினி. அண்ணனின் மனைவி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிப்பது அவள் வேலை. நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். மனத்துக்குள் எப்போதும் 'அவள்'தான்.

"என்ன கொழுந்தனாரே, பனங்கிழங்கு அவிக்கக் கொண்டாந்திருக்கீகளா?" என்றாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். என் அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

கேலிதான். கொழுந்தனைக் கேலி செய்ய மதினிக்கு இல்லாத உரிமையா? ஆனாலும் என்னால் அந்தச் சிரிப்பை விழுங்க முடியவில்லை... அவள் வாயை அடைக்கிற மாதிரி ஒரு சாமான் செய்தே தீருவது என்று வெறி பிடித்தது.

பருப்பு மத்து கடைந்தேன். வேம்பில் தலை, கருவேலத்தில் கைப்பிடி. தலை அழகாக உருண்டு வந்தது. ஆனால் கைப்பிடிக்கு எடுத்தது பச்சைக் கட்டை. காயும்வரை பொறுக்க எனக்கு ஏது பொறுமை? சில நாளில் அது சுருங்கித் துளைக்குள் ஆடத் தொடங்கியது. வேறு கைப்பிடி கடைந்திருக்கலாம். மூங்கில் முளை அடித்திருக்கலாம். நான் அடிப்பக்கத்திலிருந்து ஓர் இரும்பாணியை ஏற்றினேன். மரத்தூளில் பசையைக் குழைத்து மேலே மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தடவிப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை!

மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து அவளே வந்து சொன்னாள்.

"ஒங்க மத்து இப்ப கம்பெனிக்கு வருது கொழுந்தனாரே. மருந்து கட்டி தட்டிப்போனா இத வச்சுத்தான் ஒடைக்கேன். மரச்சாமான்தானேன்னு கேட்டுல விட்டுட்டாக. அம்புட்டு வாகா இருக்கு, எங்கன வாங்குனன்னு எல்லாரும் கேக்காக!"

மருந்து அறையில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொண்டை ஊசியைக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். 'மதினி, அதுல ஆணி இருக்கு.' இவ்வளவுதான் சொல்லவேண்டியது! நான் சொல்லவில்லை. ஏன்? அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை... அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காலையில் தூக்குவாளியோடு மத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு அவள் கம்பெனி வேனில் ஏறுவாள். சாயங்காலம் வேன் திரும்பும்வரை, எங்காவது ஒரு கதவு அறைந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து பார்ப்பேன். மறுநாளும் ஏற விட்டேன். அதற்கு மறுநாளும். அந்த அறையில் வேறு பெண்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெடிக்கவில்லை. அதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்க்கிறீர்களா? வாயை மூடுங்கள்! வெடிக்காமல் போனதற்கு நானா காரணம்?

மேலே மூடியிருந்த தூள் தேய்ந்து உதிர்ந்து, ஆணித்தலை வெளியே தெரிந்தது. போர்மேன் கண்ணில் பட்டுவிட்டது. அறையைக் காலி செய்து வேலையை நிறுத்தினார்கள். "கடைஞ்சவரக் கூப்புட்டுக் கேளுங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். என்னைக் கம்பெனி வாசலுக்கு வரச் சொன்னார்கள்.

"தம்பி, உள்ளதச் சொல்லுங்க. இந்த ஆணி நீங்க அடிச்சதா?" என்றார் போர்மேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயமே இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள்!

"நான் அடிக்கலண்ணே. கைப்பிடி ஆடியிருக்கும்... வீட்டுல அவுகளே அடிச்சிருப்பாக."

அவளுக்கு வேலை போனது. மருந்து அறைக்குள் இரும்பு கொண்டுவந்தவள் என்ற பெயர் மற்றக் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் தெருவில் நிறுத்தி, "எங்க பிள்ளைகள நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்கள். "என் தம்பி எதுக்குடி பொய் சொல்லணும்?" என்று அண்ணன் கத்தியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்து தின்றேன்.

ஒருநாள் பட்டறைக்கு வந்தாள்.

"வீட்டுல ஆணி அடிக்கிறவ, மரத்தூள வச்சு மூடி உப்புத்தாளும் போடுவாளா, கொழுந்தனாரே?"

காதில் விழாதவன் போல மெஷினை ஓடவிட்டேன். அவள் போய்விட்டாள். அந்த உப்புத்தாள் விஷயத்தை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நினைத்தால் அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது! சொல்லியிருந்தால் ஒரு சண்டை, நாலு அடி... அத்தோடு தீர்ந்திருக்கும்.

இப்போது நான் நன்றாகவே கடைகிறேன். காரியாபட்டிக் கடைகளிலிருந்துகூட ஆர்டர் வருகிறது. காய்ந்த கட்டையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. யாருக்கு வேண்டும் இந்த ஒழுங்கு, இப்போது?

மதினி கோலப்பொடி விற்கிறாள். மாவுக் கட்டியை உடைத்து, சலித்து, சாயம் கலந்து, தெருத்தெருவாகத் தூக்கிப் போகிறாள். கம்பெனிக்காரர்கள் வீசியெறிந்த அந்த மத்தைப் பொறுக்கி வந்திருக்கிறாள். அதை வைத்துத்தான் கட்டி உடைக்கிறாள். இரும்புச் சட்டியில் ஆணி படும்போதெல்லாம் டங்கென்று சத்தம் வருகிறது.

புதிதாக ஒரு மத்து கடைந்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் அவன் கேட்டான்: "ஆணி துருத்திக்கிட்டு இருக்கே, அதத் தூரப் போட்டுட்டு இத வச்சுக்கிட்டா என்ன?"

"இருக்கட்டும்," என்றாள் அவள், எனக்கும் கேட்கும்படி. "இது கொழுந்தனாரு கையால செஞ்சு குடுத்தது."

மறுபடி டங்கென்று கேட்டது.