ஏலக்காய்ப் புகை

துபாயை அடுத்த அஜ்மானில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஜெபல் அலி துறைமுகக் கிடங்கிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் என் கணவர் நேராக உள்ளே வந்துவிட முடியாது. வாசலில் நின்று தலையைக் குனிய வேண்டும். நான் அவருடைய சட்டைக் காலரை மோந்து பார்த்துவிட்டு வழிவிடுவேன். எதிர் வீட்டு மலையாளி அக்கா முதல் முறை இதைப் பார்த்துவிட்டு, புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். எங்கள் மகள் அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் போட்டதற்குக் காரணமும் அவள்தான். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இளைப்பு. ஊரில் கடல் காற்றில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே ஏசியும் புழுதியும் சேர்ந்து பிள்ளையைப் படுத்தி எடுத்தன. அவர் பால்கனியில் நின்று சிகரெட் பிடித்தாலும் புகை சட்டையில் ஏறிக்கொண்டு உள்ளே வரும். அவள் ஓடிப்போய் அந்தச் சட்டையில்தான் முகத்தைப் புதைப்பாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கில் மாஸ்க் வைத்துவிட்டு வந்து, வீட்டில் என் பிள்ளைக்கும் வைத்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

“இனி ஒரு நா சட்டையில சிகரெட் வாடை வந்துதுன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு தூத்துக்குடிக்குப் போயிருவேன். நீங்க இங்க தனியா பொகைய விட்டுக்கிட்டு இருங்க.”

சும்மா சொல்லவில்லை. ராஜினாமா எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரியும். என் கோபம் எது, மிரட்டல் எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நன்றாகவே வரும்.

அப்போதுதான் துபாய் சத்வாவில் மொபைல் கவர் விற்கும் ஒரு கடையிலிருந்து ஒரு சாமானை வாங்கிக்கொண்டு வந்தார். பேனா மாதிரி இருந்தது. உள்ளே திரவத்தை ஊற்றி, பேட்டரியில் சூடாக்கினால் ஆவி வரும், அதை இழுக்கலாம். இன்றைக்கு வேப் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. அன்றைக்கு அவருடைய கிடங்கில் எல்லாரும் அதை கரண்ட் சிகரெட் என்றுதான் சொன்னார்கள். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆனால் சிகரெட்டைவிட ஒரு படி கீழே இறங்குகிறார் என்றால் இறங்கட்டும் என்று விட்டேன்.

கூடவே ரெடிமேடாகக் கலந்த திரவங்களும் வாங்கி வந்திருந்தார். ஆப்பிள், ஸ்ட்ராபெரி, புதினா, பெயர் தெரியாத ஒரு நீலம். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“எல்லாம் பிள்ளைக்குக் குடுக்க இருமல் டானிக் மாதிரியில்லா இருக்கு. ஆம்பள இழுக்க சாமானா இது?”

பத்துப் பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் காலரில் ஸ்ட்ராபெரிக்குக் கீழே சிகரெட் ஒளிந்திருந்தது. நான் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஏட்டி, எனக்கு சிகரெட்டு வேண்டாம். டீ குடிக்கும்போது கூட ஒண்ணு வேணும், அவ்வளவுதான். இந்த ஸ்ட்ராபெரிய வச்சுக்கிட்டு டீ எறங்க மாட்டேங்கு.”

பெட்டியை இழுத்த கை அப்படியே நின்றது. மனுஷனுக்கு வேண்டியது டீ நேரம். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு அந்த வெயிலில் தனக்கென்று கிடைப்பது அந்த ஒரு பொழுதுதான். பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினேன்.

அடுத்த விடுமுறையில் நான் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொந்தமாகவே கலக்கத் தொடங்கிவிட்டார். டீ ருசிதானே வேண்டும் என்று, டின் பால் ஊற்றிக் கொதிக்க வைத்த கரக் டீயையே துணியில் வடிகட்டி, ஆவி வரச் சேர்க்கும் கிளிசரினோடு கலந்து கருவியில் ஊற்றிவிட்டார். ஒரு இழுப்புதான். பால் தீய்ந்து, கருவி உள்ளே கறுத்து, வீடெல்லாம் அடிபிடித்த பாயசத்தின் வாடை. அவர் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினார். மகள் ஈரத் தலையோடு வந்து, “மம்மி, டாடி ஸ்மெல்ஸ் லைக் பாயசம்” என்றாள். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்ததும் எனக்குள்ளிருந்த நர்ஸ் எழுந்துகொண்டாள். சொந்தமாகக் கலக்க அவர் வாங்கி வந்திருந்த நிகோட்டின் திரவம் தனிக் குப்பியில் இருந்தது. கொஞ்சம் கூடினாலும் விஷம், பிள்ளை கையில் கிடைத்தாலும் விஷம். அந்தக் குப்பியை என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். எங்கள் வார்டில் ஆபத்தான ஊசி மருந்தை ஒருத்தி மட்டும் எடுத்துவிட முடியாது. ஒருத்தி எடுக்க வேண்டும், இன்னொருத்தி பார்த்து, அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதையே வீட்டுக்கும் கொண்டு வந்தேன்.

“கலக்குறதுன்னா ரெண்டு பேரும் இருக்கணும். ஒத்தையில நீங்க ஒண்ணையும் தொடக்கூடாது. ஏலக்காய் எசன்ஸ்கூட.”

“சரி, சிஸ்டர்,” என்றார்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஷார்ஜா சர்ச்சில் பூசை கண்டுவிட்டு வந்து, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, மகள் தூங்கிய பிறகு சமையல் மேடையைத் துடைத்துக் கடையை விரிப்போம். மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரின், சத்வாவில் பேக்கரி சாமான் விற்கும் கடையில் கிடைத்த ஏலக்காய் எசன்ஸ், ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்த புது சிரிஞ்ச். அவர் எடுப்பார், நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அளவைச் சொல்வேன். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார். ரோஜா எசன்ஸ் சேர்த்த வாரம் துக்க வீட்டு வாடை என்று சண்டை போட்டோம். சுக்கு சேர்த்த வாரம் அவருக்குத் தும்மல் நிற்கவில்லை. கடைசியில் ஏலக்காயும் துளி இஞ்சியும் என்று ஒரு கணக்கில் வந்து நின்றோம். வாரத்துக்கு வாரம் நிகோட்டின் அளவை இறக்கினோம், பேரம் பேசிப் பேசித்தான்.

சாப்பிடுகிற எசன்ஸை நெஞ்சுக்குள் இழுக்கக் கொடுத்திருக்கிறோமே என்று இன்றைக்கு நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளுக்காக நான் இப்போதும் ஏங்குகிறேன். ஊருக்கு எப்போது போவது, ஃபிளாட் வாடகை, இரண்டாவது பிள்ளை எல்லாவற்றையும் நாங்கள் அந்த மேடையருகே நின்றுதான் பேசினோம். கடையில் ஆயத்தமாகக் கிடைத்ததை வாங்கியிருந்தால் அவர் பால்கனியிலும் நான் படுக்கையறையிலுமாகத்தான் இருந்திருப்போம். சாயங்காலம் மோந்து பார்க்கும்போது காலரில் ஏலக்காய் மணக்கும். சில நாள் சந்தேகமே இல்லாமலும் இரண்டு தடவை மோந்திருக்கிறேன்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. துபாயில் கிரேன்கள் ஆடாமல் நின்றன. ஜெபல் அலியில் கன்டெய்னர் வரத்துக் குறைந்தது. கிடங்குகளில் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு டியூட்டி விழுந்துவிட்டது. கலக்கவில்லை. அதைத் தொடர்ந்து ஈவினிங் ஷிஃப்ட். அவர் வரும் நேரம் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன், பிள்ளையை எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். காலரை மோந்து பார்க்க ஆளில்லை.

புதன்கிழமை எனக்கு ஆஃப். மதியம் அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி போன் பண்ணினாள். கிடங்கை மூடுகிறார்கள், எங்கள் இருவர் வீட்டுக்காரர்களுக்கும் வேலை போய்விட்டது என்று அழுதாள். நான் போனை வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, என் சம்பளம் இருந்தது. எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே பக்காலா என்கிற மளிகைக் கடை, அதன் கல்லாவுக்குப் பின்னால் வரிசையாகச் சிகரெட். அந்தக் கடையைத் தாண்டித்தான் அவர் மேலே வர வேண்டும். இன்றைக்கு ஒன்று பிடித்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனால் இன்றைக்குப் பிடித்தால் நாளைக்கும் பிடிப்பார். இருந்தாலும் போட்ட சட்டத்தை இன்று ஒரு நாள் மறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்திநேர மஃரிப் பாங்கு முடிந்து வெகு நேரம் கழித்து வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றேன்.

“உள்ள வாங்க.”

அவர் வரவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

“பாரு.”

“இன்னைக்கு வேண்டாங்க. வாங்க, கை கால் கழுவுங்க.”

“இல்லட்டி. இன்னைக்குத்தான் நீ பாக்கணும்.”

மோந்து பார்த்தேன். கிரீஸ், வியர்வை, பஸ் ஏசியின் வாடை. சிகரெட் இல்லை. மறுபடியும் பார்த்தேன். ஏலக்காயும் இல்லை.

“ஏலக்கா வாசத்தையும் காணமே?”

“திங்கக்கெழமையே தீந்துபோச்சு.”

“சத்வால ரெடிமேடு கெடக்குமே. அதையாவது வாங்கியிருக்கலாம்லா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“ஒத்தையில ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன.”

வேலை போன செய்திக்கு வராத அழுகை அப்போது வந்தது. வாசலிலேயே அந்தக் காலரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது, பிறகு மெல்லச் சாத்திக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றினேன்.

“வாங்க, இப்பவே கலந்துருவோம். ரெண்டு பேரும் இருக்கோம்லா.”

அவர் என் கையிலிருந்த சாவியை வாங்கி, மறுபடி என் கைக்குள்ளேயே வைத்து மூடினார்.

“அது அங்கயே கெடக்கட்டும். ஒரு டீ போடு,” என்றார். “ஏலக்காயத் தட்டிப் போடு.”