மேலே நிற்க விரும்பியவள்

சிங்கப்பூரில் சர்க்கஸ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் யானை இருக்குமா என்று கேட்டார்கள். யானையும் இல்லை, கூடாரமும் இல்லை. புதுச்சேரியில் ஒரு குழுவிடம் பந்து வித்தையும், குச்சியில் தட்டு சுழற்றுவதும், ஆள்மேல் ஆள் ஏறி நிற்பதும் கற்றிருந்தேன். சில மாதங்கள் இளையர்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு தொண்டூழியர் தேவைப்பட்டார். போனேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மண்டபத்தின் மாடியில், வார இறுதிகளில் வகுப்பு.

தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் கலந்த கூட்டம் அது. அவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பதினாறு வயதிருக்கும். நல்ல உயரம், அகன்ற தோள். மனிதப் பிரமிட் கட்டலாம் என்றால் யாரும் சொல்லாமலே அடிவரிசையில் போய் மண்டியிடுவாள். ஒருநாள் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

“அக்கா, நான் மேல நிக்கணும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ஸ்கூல், கேம்ப், எல்லாத்துலயும் நான்தான் கீழ. நீ ஸ்ட்ராங்கு, நீ தாங்குன்னுடுவாங்க. ஒரு தடவ மேல நின்னு பாக்கணும்.”

தோள்மேல் ஏற்றுவது கடினம். ஆனால் இருவர் முழங்காலை மடித்து அருகருகே நின்றால், அவர்கள் தொடைமேல் ஒருவர் ஏறி நிற்கலாம். தாங்குவதற்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். வலைப்பந்து ஆடும் மலாய்ப் பெண் ஒருத்தி உடனே கை தூக்கினாள். “கேன், லா!” முடியும் என்கிறாள். பின்னாலேயே அவளுடைய சீனத் தோழியும் வந்தாள்.

சிக்கல் எடையில் இல்லை. ஏறியதும் இவளே குனிந்து, “சாரி, வலிக்குதா?” என்று கேட்பாள். குனிந்ததும் மூவரும் மெத்தையில் சரிவார்கள். பல தடவை அப்படி நடந்தது. கடைசியில் மலாய்ப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கத்தினாள்: “என் கால் வலிச்சா நானே சொல்வேன். நீ நேரா பாரு!”

அந்த நேரம் பார்த்து, மேலே ஏறியவளின் அம்மா வாசலில் நின்றிருந்தார். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை.

“கைய கால ஒடச்சிக்கிட்டா யாரு மேடம் பாக்கிறது? இவ சைஸுக்கு இதெல்லாம் தேவையா?”

மகள் முகம் சுருங்கிவிட்டது. “கிட்ட வந்து நின்னு பாருங்கம்மா” என்றேன். முன்னும் பின்னும் பிடிக்க ஆள் நிற்பதைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மகளை அழைத்துப் போனார். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். மறுவாரம் எல்லாருக்கும் முன்னால் வந்து மெத்தையை விரித்துக்கொண்டிருந்தாள்.

கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர் விடுதி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிகழ்ச்சி. திடலில் மூன்றடுக்குப் பிரமிட் கட்டி முடிப்பதாகத் திட்டம். நாங்கள் பேருந்தை விட்டு இறங்கும்போதே மழை கொட்டியது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தலைக்கு மேல் மின்விசிறிகள். பிரமிட்டுக்கு வழியே இல்லை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்.

கூரையை அண்ணாந்து பார்த்த சீனப் பெண், மேலே நிற்கக் கேட்டவளைச் சுட்டிக் காட்டினாள். இவர்கள் மூவரும் நின்றால் மட்டும் உயரம் சரியாக இருக்கும். ஆகவே நிகழ்ச்சியின் கடைசி உருப்படி அவளுடையதானது.

“அக்கா, பயமா இருக்கு.”

“எனக்கும்தான். மெதுவா ஏறு.”

விடுதியில் இருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஓடிப்போய் மின்விசிறிகளை நிறுத்தினார். அவள் ஒரு காலை வைத்தாள், மறுகாலை வைத்தாள். குனியவில்லை. இரு கைகளையும் விரித்து, நேராகப் பார்த்தபடி நின்றாள். கூடத்தில் விசில் பறந்தது. ஊழியர்கள் தட்டுகளைத் தட்டி, “சூப்பர், தங்கச்சி!” என்று கத்தினார்கள். அவள் சத்தமாகச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

வேலை முடிந்து சீருடையோடு எங்களுடன் வந்திருந்த அவள் அம்மா, பின்வரிசையில் நின்று இரு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் தோழிகளோடு பின்னால் பாடிக்கொண்டிருந்தாள். தயங்கிக் கேட்டார்.

“பெரியவங்களுக்கும் அந்தப் பந்து கிந்து சொல்லித் தருவீங்களா, மேடம்?”

அடுத்த வாரமே வந்துவிட்டார். ஒரு பந்தும் கையில் நிற்கவில்லை. அவை சுவரோரம் உருண்டு ஓட, அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே துரத்திப் பொறுக்கினார்கள்.