கம்லா யாருடைய ஊர்?

1998-ல் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். ஆறாம் வகுப்பு படித்த என் மகளிடம், பழங்கால ஊர் ஒன்றை மாதிரியாகச் செய்து வந்து வகுப்பில் பேசச் சொல்லியிருந்தார் டீச்சர். இவள் லைப்ரரியில் தேடிப் பிடித்தது கம்லா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன், ஒட்டகத் திமில் மாதிரியான மலைச்சரிவில் யூதர்கள் வாழ்ந்த ஊர். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம். ரோமானியர்கள் மதிலை உடைத்து நுழைந்தபோது, உச்சிவரை ஏறிப் போராடிய மக்களில் பலர் பள்ளத்தில் விழுந்து மாண்டார்கள். மிச்சம் இருப்பது கருங்கல் இடிபாடுகள்தான்.

மைதாவில் உப்பைப் பிசைந்து ஒவ்வொரு வீடாகச் செய்தாள். ஒரு வாரம் டைனிங் டேபிள் எங்களுக்கு இல்லை.

கொண்டுபோன அன்றே பெட்டியோடு திரும்பி வந்தாள். கம்லாவை டீச்சர் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். ஏன் என்றதற்கு, "பிகாஸ் ஷீ இஸ் ஜூயிஷ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கூலுக்குப் போனேன். அது அந்தப் பெண்ணின் பாரம்பரியம், உங்கள் மகளுக்குத் தாஜ்மஹால் பொருத்தமாக இருக்குமே என்றார் டீச்சர், சிரித்த முகத்தோடு. நான் ஈரோட்டுக்காரி. தாஜ்மஹாலை நானே பார்த்ததில்லை. அது பழங்கால ஊரும் இல்லை. "அவள் செய்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பெட்டியைத் திறக்கவே இல்லையாம். எவ்வளவோ வாதாடியும் மசியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விடும்மா, இத போய் இஷ்யூ பண்ணாத" என்றார் கணவர். அவர்மேலும் எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி போன் செய்தார். அந்த இன்னொரு பெண்ணின் அம்மா. தன் மகளுக்கு எகிப்தில் மம்மிகள் கிடைத்த ஊர்தான் வேண்டுமாம், கம்லாவைக் கேட்கவே இல்லையாம். "எங்க கதைய உங்க பொண்ணு ஆசைப்பட்டு எடுத்திருக்கா. அவதான் சொல்லணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். டீச்சரிடமும் பேசிவிட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் பேசினாள். அந்த அம்மா லீவு போட்டு வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் நான் சொன்னபோது கேட்காத டீச்சர் காதுக்கு, அதையே அவர் சொன்னதும் கேட்டதே. முகத்தைப் பார்த்து ஒரு குழந்தைக்கு எது சொந்தம் என்று முடிவு செய்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அது தணிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.