பொடுதலைத் தரை பார்க்க மணப்பாட்டுக்கு

இந்த எழுபத்தாறாம் வருடம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குத் தனியாகப் போய்வந்தேன். கோயிலையோ கடலையோ பார்க்க அல்ல, தரையைப் பார்க்க. மறுநாள் நான் வளர்த்த தரையை நானே கொத்தி எறிய வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, புதுத் துறைமுகத்துப் பக்கம் ஓர் அதிகாரி வீட்டில் தோட்டக்காரியாக இருக்கிறேன். அங்கே கிணற்று நீர் உப்பு, புல் கருகிவிடும். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் படரும் பொடுதலையை ஒரு கூடை கொண்டுவந்து நட்டேன். மூன்றே மாதத்தில் தரை பச்சைப் பாயானது. அக்கம்பக்கத்து ஆறு வீட்டாரும் கேட்டு வாங்கி நட்டார்கள். மறு வருடம் அது பூத்தது. பூவுக்குத் தேனீ வந்து, பந்தெடுக்க ஓடிய பிள்ளைகளின் காலில் கொட்டியது. ஆறு வீட்டிலும் கொத்திவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் வீட்டுச் சின்னப் பையனுக்கும் கால் வீங்கியதும், "திங்கக்கிழமைக்கு மேல இது இருக்கக் கூடாது" என்றார் வீட்டு அம்மா.

மீன் விற்க வரும் அக்காதான், "எங்க மணப்பாட்டுல கிணத்தடி பூரா இதுதான். பிள்ளைக அதுலதான் உருளுதுக" என்றாள்.

காலை ஆறரைக்குத் திருச்செந்தூர் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் அறுபது காசு. வழியெல்லாம் உப்பளம்; ஆத்தூரில் ஆற்றைக் கடக்கும்போது மட்டும் கண்ணுக்குப் பச்சை. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு இன்னொரு பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர், எழுபது காசு.

"தனியாவா வந்திருக்க? கோயிலுக்கா?" என்றார் நடத்துனர்.

"செடி பாக்க, அண்ணாச்சி."

"மணல்காட்டுல என்ன செடி, ஏளா!" பேருந்தே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதேகாலுக்குக் கிணற்றடி. மீன்கார அக்கா சொன்னது உண்மைதான். யாரிடமும் கேட்க வாய் வராமல் அரைமணி நேரம் நின்றேன். வலை உலர்த்திய பெண்ணொருத்தியே கேட்டாள்: "ஏளா, யாரத் தேடுத?"

"இதுல தேனீ கொட்டாதாக்கா? பூவ என்ன செய்வீங்க?"

"பூவா? பூப்பறிக்கவா பஸ் ஏறி வந்த?" அவள் சிரித்துவிட்டு வலையை இழுத்தாள்.

உட்கார்ந்து தேடினேன். ஆள் நடக்காத சுவரோரத்தில் பூவும் தேனீயும் இருந்தன. குடமெடுத்து வருபவர்களின் கால்களும் பந்தும் வலையும் போகிற நடுவில் ஒரு பூகூட இல்லை. எங்கள் குடியிருப்பில் ஏழு தரைக்கும் கயிறு கட்டி, "நடக்கக் கூடாது" என்று பலகை வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக் கயிற்றைக் கட்டியது நான்தான்.

திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறுநாள் காலை வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "ஒரு மாசம் குடுங்கம்மா. பூவ வெட்டி, கயித்த அவுத்துருதேன். செருப்புப் போட்டு எல்லாரும் இதுமேலயே நடங்க. அதுக்கப்புறமும் கொட்டுச்சுன்னா நானே கொத்திருதேன்."

"மிதிக்கச் சொல்ற தோட்டக்காரிய இப்பத்தான் பாக்கறேன்" என்றார். ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

போக நினைப்பவர்கள் முதல் பேருந்தைப் பிடியுங்கள். இறங்கியதும் திரும்பும் நேரத்தைக் கேட்டுவையுங்கள். பொடுதலை நட்டால், தேனீ அடங்கிய சாயங்காலத்தில் பூவை வெட்டுங்கள். ஆள் புழங்காத இடத்தில் நடவே வேண்டாம். மற்ற ஆறு வீட்டாரும் மறுபடி புல்லுக்கே போய்விட்டார்கள், அது கருகிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மாசம் இரண்டாகிவிட்டது, யாரையும் தேனீ கொட்டவில்லை. கயிறு கட்டிய முளைக்குச்சிகள் சின்னப் பையனுக்கு ஸ்டம்பு. "நடக்கக் கூடாது" பலகைதான் மட்டை.